கரண்ட் கீயும் காஸ் கார்டும் கடந்து போகும் கவுன்டருக்கு

பிரித்தானியாவில் கடை நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும், தமிழ்ச் சத்தமே கேட்காத சிறு நகரங்களின் சந்திகளிலும் விடியுமுன்னே ஷட்டர் தூக்கும் கடைக்காரர்களுக்கு,

ஒக்டோபரில் முதல் குளிர் விழும் வாரம் உங்கள் கவுன்டரில் ஒரு சச்சரவு நடக்கும். வாடிக்கையாளர் காஸ் கார்டை நீட்டி 10 பவுண்ட் ஏற்றச் சொல்வார். மெஷின் ஒரு பீப் அடித்து ரசீது தரும். அரை மணி நேரத்தில் அதே ஆள் திரும்பி வந்து நிற்பார். ‘பொஸ், காசு ஏறவில்லை.’ நீங்கள் ரசீதின் பிரதியைக் காட்டுவீர்கள். அவர் கார்டைக் காட்டுவார். பால் போத்தலோடு பின்னால் நிற்பவர் வேறு வேலை இல்லையா என்று பெருமூச்சு விடுவார். உண்மையில் இருவர் சொல்வதும் சரி. காசு ஏறியது, மீட்டருக்கும் போனது. ஆனால் ஹீட்டர் எரியவில்லை.

அந்த 10 பவுண்ட் போன இடம் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நாள் கட்டணம். கோடை முழுவதும் காஸைத் தொடாத வீட்டிலும் அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். 2025 ஜூலை முதல் செப்டெம்பர் வரை காஸுக்கான ஸ்டாண்டிங் சார்ஜ் நாளொன்றுக்குச் சராசரியாக 30 பென்ஸுக்குச் சற்றுக் குறைவு. மூன்று மாதம், 92 நாள், 27 பவுண்ட்டுக்கு மேல். கார்டு மீட்டரில் போடும் முதல் காசு அந்தப் பாக்கிக்கே போகும். பழைய கடன் ஏதாவது மீட்டரில் ஏற்றப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு பங்கு கழியும். அதற்குப் பிறகு மிஞ்சினால்தான் அடுப்பு.

இதை அந்த மனிதருக்கு விளக்க வேண்டியது நீங்கள் அல்ல. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? பிரிட்டிஷ் காஸின் ஷோரூம்கள் கடைத்தெருவில் இருந்த காலம் 1990களோடு முடிந்துவிட்டது. இன்று எந்த எரிசக்திக் கம்பனிக்கும் உங்கள் தெருவில் ஒரு மேசை கிடையாது. தொலைபேசியில் இசை ஓடுகிறது, செயலியில் ஒரு பொம்மை பதில் சொல்கிறது. கோடிக்கணக்கான பவுண்ட் புரளும் இந்த வியாபாரத்தில், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து ‘ஏன் இப்படி?’ என்று கேட்கக்கூடிய இடமாக லொத்தர் டிக்கெட்டுக்கும் சூயிங்கத்துக்கும் நடுவே உள்ள உங்கள் இரண்டடிப் பலகைதான் மிஞ்சியிருக்கிறது. இந்த மடல் எரிசக்திக் கட்டுப்பாட்டாளரான ஒஃப்ஜெம்முக்கோ பாராளுமன்றத்துக்கோ போகாமல் உங்களிடம் வருவதற்குக் காரணம் அதுதான்.

கவுன்டருக்கு முன்னால் நிற்கும் அந்த வாடிக்கையாளர் தன் கம்பனியைத் தானே தேர்ந்தெடுத்தவராக இருப்பது அரிது. வீடு மாறி வந்தார், சாவியை வாங்கினார், சுவிட்சைப் போட்டார். சட்டத்தின் கண்ணில் அந்த நொடியே ஒப்பந்தம் உருவாகிவிட்டது. முன்பு குடியிருந்தவருக்கு யார் கரண்ட் கொடுத்தார்களோ அவர்களே இவருக்கும் கொடுப்பார்கள், அவர்கள் போட்ட விலைதான் இவருக்கும் விலை. கையெழுத்து இல்லை, பேரம் இல்லை. ‘டீம்ட் கொன்ட்ராக்ட்’ என்று பில்லின் மூலையில் ஒரு வரி இருக்கும். இன்னொருவர் என்றைக்கோ ஒரு வருட நிலைவிலைத் திட்டத்தில் சேர்ந்திருப்பார். அது முடிந்த மறுநாள், அவர் ஒன்றும் செய்யாததால், கம்பனியின் ஏறி இறங்கும் பொதுக் கட்டணத்தில் தானாக விழுந்திருப்பார். மூன்றாமவரின் கம்பனி திவாலாகி, ஒஃப்ஜெம் அவரை வேறொரு கம்பனியிடம் ஒப்படைத்திருக்கும். மூவருக்கும் பொதுவானது, அவர்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள் என்பதே. பிரித்தானிய வீடுகளில் பெரும்பகுதி இன்றும் இந்த வகையில்தான் இருக்கிறது. ஆகவே இது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் ஏழைகளின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம்.

இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த கதை கொஞ்சம் வளைந்து நெளிந்தது. 1986இல் பிரிட்டிஷ் காஸ் தனியாருக்கு விற்கப்பட்டது. 1990இல் மின்சாரச் சபைகளின் முறை வந்தது. 1999க்குள் எந்த வீட்டாரும் எந்தக் கம்பனியிலும் வாங்கலாம் என்றாகியது. மக்கள் இனி விலை பார்த்து மாறுவார்கள், கம்பனிகள் பயந்து விலையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் 2002இல் வீட்டு விலை மீதான கடைசிக் கட்டுப்பாட்டையும் ஒஃப்ஜெம் எடுத்துவிட்டது.

மக்கள் மாறவில்லை. இதில் உங்களுக்கு வியப்பு இருக்காது. பொன்னி அரிசி மூட்டை அடுத்த தெருவில் இரண்டு பவுண்ட் குறைவு என்றால் காலை பத்து மணிக்குள் அது ஊருக்கே தெரிந்துவிடும். கரண்டுக்கு அப்படி ஒரு விலைப்பலகை கிடையாது. யூனிட் விலை ஒன்று, நாள் கட்டணம் ஒன்று, வெளியேறும் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு கணக்கு. போட்டி மற்றும் சந்தை ஆணையம் இரண்டு வருடம் தோண்டி 2016இல் அறிக்கை வெளியிட்டது. ஆறு பெரிய கம்பனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விலை கூடிய பொதுக் கட்டணத்திலேயே இருந்தார்கள். சரியான போட்டி இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிட ஆண்டுக்குச் சராசரியாக 1.4 பில்லியன் பவுண்ட் கூடுதலாக வீட்டார் செலுத்தினார்கள் என்று ஆணையம் கணக்கிட்டது. பல வருடமாக ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கே கம்பனிகள் அதிக விலை போட்டன. விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு.

அரசியல் இதைத் தொட்ட விதமும் வேடிக்கைதான். 2013இல் லேபர் கட்சித் தலைவராக இருந்த எட் மிலிபாண்ட் எரிசக்தி விலையை முடக்குவேன் என்றபோது, அவர் மார்க்சிய உலகில் வாழ்கிறார் என்று அன்றைய பிரதமர் கமரூன் கேலி செய்தார். நான்கு வருடம் கழித்து அதே கொன்சர்வேட்டிவ் கட்சியின் தெரேசா மே விலைக்கு உச்சவரம்பு வைப்பதாக வாக்குறுதி கொடுத்தார். 2018 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. 2019 ஜனவரி 1 முதல் பொதுக் கட்டணத்தில் இருக்கும் எந்த வீட்டாரிடமும் ஒஃப்ஜெம் குறித்த விலைக்கு மேல் கம்பனிகள் வாங்க முடியாது. முற்பணம் போடும் கீ மீட்டர், கார்டு மீட்டர் வீடுகளுக்கு அதற்கு முன்பே, 2017 ஏப்ரல் முதல், தனி வரம்பு வந்துவிட்டது. பெல்பாஸ்டில் கடை வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வட அயர்லாந்துக்கு வேறு கட்டுப்பாட்டாளர், வேறு விதி.

இந்த உச்சவரம்பைப் பற்றி நாடெங்கும் ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. அதற்குச் செய்தி வாசிப்பவர்களே பொறுப்பு. 2025 ஒக்டோபரில் வரம்பு 1,755 பவுண்ட் என்று எல்லா சனல்களும் சொல்லின. ‘அப்படியானால் எவ்வளவு எரித்தாலும் வருடத்துக்கு 1,755தானே’ என்று யாராவது உங்கள் கவுன்டரில் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு மொத்த வரம்பு கிடையாது. வரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் காஸும் எரிக்கும் ஒரு கற்பனை வீட்டுக்கு, நேரடிப் பற்று முறையில் பணம் கட்டினால், எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்த்த விடைதான் 1,755. அந்தக் காலாண்டில் கரண்ட் யூனிட் சராசரியாக 26.35 பென்ஸ், காஸ் யூனிட் 6.29 பென்ஸ். கரண்டின் ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 53.68 பென்ஸ், காஸுடையது 34.03 பென்ஸ். பிராந்தியத்துக்குப் பிராந்தியம் சற்றுக் கூடும், குறையும். மாமியாரும் மருமகளும் நான்கு பிள்ளைகளும் ஒரே கூரையில் இருக்கும் நம் வீடுகளுக்கு அந்தக் கற்பனை வீட்டின் கணக்கு எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை. செய்தியில் அந்த நான்கு சிறிய எண்களையும் வாசித்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பிறகு வந்தது 2021. உலகச் சந்தையில் காஸ் விலை ஏறியபோது, ஒக்டோபர் வரம்பு 1,277 பவுண்டில் நின்றது. கம்பனிகள் வாங்கும் விலை அதற்கு மேலே போனது. முன்கூட்டியே காஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு விற்றுக்கொண்டிருந்த சின்னக் கம்பனிகள் வாரத்துக்கு இரண்டு மூன்றாகச் சரிந்தன. தேசிய தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி 2021 ஜூலைக்குப் பிறகு 28 கம்பனிகள் விழுந்தன. இதில் சேராமல், சுமார் 1.6 மில்லியன் வாடிக்கையாளர்களோடு இருந்த பல்ப் கம்பனி நவம்பரில் விசேஷ நிர்வாகத்தின் கீழ் போனது. ஒருவரும் உடனே ஏற்கமுடியாத அளவுக்கு அது பெரிது. ஒரு வருடத்துக்கு மேல் அரசுப் பணத்தில் ஓடி, 2022 டிசெம்பரில் ஒக்டோபஸ் எரிசக்திக் கம்பனியிடம் சேர்ந்தது.

‘கம்பனி போய்விட்டது, என் கீ வேலை செய்யுமா?’ என்று அந்த மாதங்களில் உங்களிடம் கேட்டிருப்பார்கள். வேலை செய்தது. ஒரு வீட்டிலும் கரண்ட் நின்றுவிடவில்லை. கடைசிப் புகலிடமாக ஒரு கம்பனியை ஒஃப்ஜெம் பெயர் குறித்தது, மீட்டரில் இருந்த காசும் கணக்கில் மிகுதியாக இருந்த காசும் காப்பாற்றப்பட்டன. இதைப் பாராட்டாமல் விடக்கூடாது. ஓர் இரவில் லட்சக்கணக்கான வீடுகளை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவது லேசான வேலையல்ல.

ஆனால் செலவு? 2.7 பில்லியன் பவுண்ட், வீட்டுக்கு 94 பவுண்ட் என்றது அதே தணிக்கை அறிக்கை. அது பல்ப்பைச் சேர்க்காத கணக்கு. அந்தப் பணம் வசூலிக்கப்பட்ட வழிதான் இந்த மடலின் ஆத்திரம். பெரும்பகுதி கரண்டின் ஸ்டாண்டிங் சார்ஜில் ஏற்றப்பட்டது. 2022 ஏப்ரலில் அது நாளுக்குச் சுமார் 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸாகத் தாவியதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். கீயில் 5 பவுண்ட் போட்டு வாழ்ந்த பெண், தான் ஒருநாளும் சேராத கம்பனிகளின் முதலாளிகள் செய்த சூதாட்டத்துக்கு, விளக்கைப் போடாத நாளிலும் தவணை கட்டினார். மாளிகையில் இருந்தவரும் அதே தொகையைத்தான் கட்டினார்.

வாடிக்கையாளரிடம் என்ன விலை வாங்கலாம் என்று பென்ஸ் கணக்கில் எழுதிய அதே ஒஃப்ஜெம், யார் கடை திறக்கலாம் என்பதை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. உங்களுக்கு மதுபான லைசென்ஸ் எடுக்க எத்தனை படிவம், எத்தனை நாள் என்று நினைத்துப் பாருங்கள். பத்து லட்சம் வீட்டுக்குக் காஸ் விற்க வந்தவரிடம் கையில் எவ்வளவு முதல் என்று அழுத்திக் கேட்க ஆளில்லை. நுழைவுச் சோதனைகள் 2019இல்தான் இறுகத் தொடங்கின. ஒவ்வொரு இரட்டை எரிபொருள் வாடிக்கையாளருக்கும் 115 பவுண்ட் அளவுக்குச் சொந்த மூலதனம் என்ற இலக்கு 2025 மார்ச் இறுதியைக் கெடுவாக வைத்து வந்தது. கூரை பறந்த பிறகு வந்த ஆணி என்றாலும், வந்ததே.

2022 குளிர்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்டோபருக்கான வரம்பு 3,549 பவுண்ட் என்று ஓகஸ்டில் அறிவித்தார்கள். அரசு தலையிட்டு, அதே கற்பனை வீட்டுக்கு 2,500 பவுண்ட் என்ற அளவில் விலையை நிறுத்தி மீதியைத் தானே கம்பனிகளுக்குக் கொடுத்தது. அதோடு வீட்டுக்கு 400 பவுண்ட் உதவி. மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கும் உள்ளவர்களுக்கு அது தானாகவே கணக்கில் விழுந்தது. பழைய கீ மீட்டர் வீடுகளுக்கு 66, 67 பவுண்ட் என்று ஆறு வவுச்சர்கள் தபாலில் வந்தன, அவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் கவுன்டருக்கு அல்லது தபாலகத்துக்கு வரவேண்டும். விலாசம் மாறியவர்கள், கடிதத்தை விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்கள், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று கைநழுவியவர்கள் ஏராளம். லட்சக்கணக்கான வவுச்சர்கள் பணமாகாமலே 2023 ஜூன் 30உடன் காலாவதியாகின. உதவி மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே அதை வாங்கும் வழி மிகவும் கடினமாக இருந்தது. ‘அம்மா, வவுச்சர் வந்ததா?’ என்று கேட்ட கடைக்காரர் செய்த வேலையை எந்த அமைச்சும் செய்யவில்லை.

அதே குளிரில்தான் இன்னொன்றும் அம்பலமானது. பில் கட்டாதவர்களின் வீட்டுக்குள் நீதிமன்ற உத்தரவோடு நுழைந்து கார்டு மீட்டர் பொருத்துவதை, பிரிட்டிஷ் காஸுக்காக வேலை செய்த ஒப்பந்தக்காரர்களோடு ஒரு செய்தியாளர் மறைவாகப் போய்ப் பார்த்தார். 2023 பெப்ரவரியில் டைம்ஸ் பத்திரிகை அதை வெளியிட்டது. நீதவான் நீதிமன்றங்கள் அந்த உத்தரவுகளைக் கட்டுக்கட்டாக வழங்கிவந்தது அப்போதுதான் பொதுமக்களுக்கு உறைத்தது. சில நாட்களுக்குள் அவை நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் புதிய விதி வந்தது. வீட்டில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், அல்லது துணைக்கு ஆளில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால், கட்டாயப்படுத்திப் பொருத்தக்கூடாது. மூச்சுக் கருவி போன்ற மருத்துவ சாதனங்களுக்குக் கரண்ட் வேண்டியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஸ்மார்ட் மீட்டரை வெளியிலிருந்தே முற்பண முறைக்கு மாற்றிவிடுவதற்கும் இதே தடைதான். வீட்டுக்குள் யாரும் வராமலே ஒரு நாள் காலையில் இருட்டாகிவிடலாம் என்பதால், இந்த இரண்டாவது பகுதியை வாடிக்கையாளர்களுக்கு அழுத்திச் சொல்வது நல்லது.

உங்கள் கடையில் தினமும் கேட்கும் இன்னொரு பேச்சு, ‘கீ மீட்டர்தான் விலை கூட’ என்பது. நெடுங்காலம் உண்மையாக இருந்தது. 2023 ஜூலையில் அரசு அந்த வித்தியாசத்தைத் தன் பணத்தில் நீக்கியது, 2024 ஏப்ரலில் ஒஃப்ஜெம் ஸ்டாண்டிங் சார்ஜை எல்லோர் தலையிலும் பரப்பி அதை நிலையாக்கியது. அதன்பின் வந்த வரம்புகளில் கீ, கார்டு வீடுகள் நேரடிப் பற்று வீடுகளைவிடச் சற்றுக் குறைவாகவே கட்டுகின்றன. பில் வந்த பிறகு காசாகவோ காசோலையாகவோ கட்டும் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் இன்று அதிக விலை. நம் வயதானவர்களில் பலர் இந்த மூன்றாவது வகை. வங்கி தானாகப் பணம் எடுப்பதை அவர்கள் நம்புவதில்லை, அந்த அவநம்பிக்கைக்கு அவர்களிடம் காரணமும் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

காசே இல்லாமல் வருபவர்? மீட்டரில் அவசரக் கடன் இருப்பது பலருக்குத் தெரியும். அதுவும் முடிந்துவிட்டால், கம்பனியைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னால், வசதியில்லாதவர்களுக்கு மேலதிக உதவிக் கடன் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பது பலருக்குத் தெரியாது. கடனுக்காக ஒவ்வொரு டொப்-அப்பிலும் கழிக்கப்படும் தொகை கூடுதலாக இருந்தால் குறைக்கக் கேட்கலாம், கட்டும் சக்தியைப் பார்த்துத்தான் தவணை போட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய பாவனைக்கு, தவறு கம்பனியுடையது என்றால், இன்று புதிதாக பில் போட முடியாது. முறைப்பாடு எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று பவுண்டாவது காஸ் கார்டில் போடச் சொன்னால் ஒக்டோபர் சச்சரவும் குறையும். ஒரு ஏ4 தாளில் அடங்கும் விஷயங்கள் இவை. டில்லுக்குப் பக்கத்தில் ஒட்ட இடம் இருக்கும்.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். கடைக்கு மேலே ஒரு பிளாட், அல்லது பின்புறம் இரண்டு அறை. உங்களில் பலர் அதை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், மாணவர்களுக்கோ புதிதாக வந்த குடும்பத்துக்கோ. கரண்ட் பெரும்பாலும் கடை மீட்டரிலிருந்தே மேலே போகும். அப்போது அந்தக் குடும்பத்துக்கு, அவர்கள் தேர்ந்தெடுக்காத, மாற்றவும் முடியாத கரண்ட் கம்பனி நீங்கள்தான். உங்களுக்கும் சட்டம் உண்டு. நீங்கள் வாங்கிய யூனிட் விலைக்கு மேல் ஒரு பென்ஸ்கூட வைத்து விற்கக்கூடாது. குடியிருப்பவர் கேட்டால் கணக்கைக் காட்ட வேண்டும். ‘கரண்டுக்கு மாதம் 80, கேள்வி கேட்காதே’ என்பது ஊர் வழக்கமாக இருக்கலாம், இந்த நாட்டு விதிக்கு அது ஒத்துவராது. 2022 குளிரில் கடைகளுக்குக் கிடைத்த அரசுச் சலுகையை மேலே இருப்பவர்களுக்கும் நியாயமாகப் பகிரவேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. சொந்தமாக மீட்டர் இல்லாத வீட்டாருக்கு அந்த 400 பவுண்ட் உதவியைப் பெறத் தனி விண்ணப்ப வழியும் 2023 பெப்ரவரி இறுதியில் திறந்தது. தகுதியுள்ளவர்களில் பெரும்பாலானோர் விண்ணப்பிக்கவில்லை. கீழே இருந்த கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? இதைக் குற்றச்சாட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் பெரிய கம்பனிகளைத் திட்டும் வாய், மாடிப்படியை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுத் திட்டினால் இன்னும் உரமாக இருக்கும்.

உங்கள் கடையின் கதை வேறு. ஐந்து ஃபிரிட்ஜ், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி, ஃபிரீசரில் மீனும் மரவள்ளியும், நாள் முழுக்க விளக்கு. அந்த மீட்டருக்கு உச்சவரம்பு கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சட்டம் காக்கும் அதே மனிதர், ஷட்டர் தூக்கியதும் தனியே விடப்படுகிறார். கடையைக் கைமாற்றி வாங்கிய முதல் நாளே, முந்தியவரின் கம்பனி உங்களுக்கு டீம்ட் விலையில் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அந்த விலை ‘அளவுக்கு மீறிய சுமையாக’ இருக்கக்கூடாது என்று மட்டும் உரிமத்தில் ஒரு வாசகம் உண்டு. எது அளவு, எது மீறியது என்று எண்ணால் யாரும் எழுதவில்லை. 2022 ஒக்டோபர் முதல் 2023 மார்ச் வரை கடைகளுக்கு ஒரு நிவாரணத் திட்டம் இருந்தது, அடுத்த வருடம் மிக மெலிந்த ஒன்று, பிறகு ஒன்றுமில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் தரகர் வருகிறார். ஃபோனில் ‘சேர், உங்கள் கொன்ட்ராக்ட் முடியப் போகிறது’ என்பார், வாய்வழிச் சம்மதத்தையே ஒப்பந்தமாக்கி மூன்று வருடத்துக்குக் கட்டிவிடுவார். அவருடைய தரகு உங்கள் யூனிட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 2022 ஒக்டோபர் முதல் சின்னக் கடைகளுக்கான ஒப்பந்தத்தில் அந்தத் தரகுத் தொகையைக் கம்பனி வெளிப்படையாகக் காட்ட வேண்டும். பத்துக்குக் குறைந்த ஊழியர்கள் உள்ள கடைகளுக்கே முன்பு குறைதீர்ப்பாளரின் கதவு திறந்தது, 2024 டிசெம்பர் முதல் ஐம்பதுக்குக் குறைந்த ஊழியர்கள் உள்ள வியாபாரங்களும் போகலாம். பெரும்பாலான நம் கடைகள் இந்த இரண்டிலும் அடங்கும். இவ்வளவும் நல்லதே. விலைக்கு மட்டும் இன்னும் வரம்பில்லை.

ஒஃப்ஜெம் உங்கள் கவுன்டரை ஒருபோதும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை பார்த்தது. டொப்-அப் வியாபாரத்தில் கடைகளையும் எரிசக்திக் கம்பனிகளையும் தன்னோடு மட்டுமே கட்டிவைத்த பேபொயின்ட் நிறுவனத்தின் ஒப்பந்த நிபந்தனைகளை அது விசாரித்தது. 2021 நவம்பரில் அந்த நிறுவனம் நிபந்தனைகளை நீக்கவும் எரிசக்தி உதவி நிதிக்கு 12.5 மில்லியன் பவுண்ட் கொடுக்கவும் ஒத்துக்கொண்டதோடு விசாரணை முடிந்தது. கம்பனிக்கும் கம்பனிக்கும் இடையிலான போட்டி அங்கே பேசப்பட்டது. பத்து பவுண்ட் டொப்-அப்புக்காக ஐந்து நிமிடம் நின்று பதில் சொல்லும் கடைக்காரரின் நேரத்துக்கு என்ன விலை என்று அந்த விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கேட்க வைக்க வழி இருக்கிறது. 2023 நவம்பரில் ஸ்டாண்டிங் சார்ஜ் பற்றி ஒஃப்ஜெம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 30,000க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். இப்படியான அழைப்புகளுக்கு வழக்கமாகக் கம்பனிகளும் சட்டத்தரணிகளும் மட்டுமே பதில் போடுவார்கள். இந்த முறை சாதாரண மனிதர்கள் எழுதிக் குவித்தார்கள், அதன்பிறகே ஸ்டாண்டிங் சார்ஜ் குறைந்த கட்டணத் தெரிவுகளைக் கம்பனிகள் வழங்க வேண்டும் என்ற யோசனை மேசைக்கு வந்தது.

ஸ்டாண்டிங் சார்ஜை முழுவதும் ஒழித்துவிட்டு யூனிட் விலையில் சேர்த்துவிடலாமே என்று கேட்போர் பலர். கேட்க இனிமை. ஆனால் கரண்ட் ஹீட்டரையே நம்பியிருக்கும் கவுன்சில் பிளாட்காரருக்கும், நாள் முழுக்க மருத்துவக் கருவி ஓடும் வீட்டுக்கும் அதனால் பில் ஏறும். எனவே கடைக்காரர்கள் எழுதுவதென்றால் இன்னும் குறுகலாகக் கேட்பது புத்திசாலித்தனம். காஸே எரிக்காத மாதங்களில் கார்டு மீட்டரில் ஸ்டாண்டிங் சார்ஜைக் குவிக்காமல், குளிர்காலத்தில் எரிக்கும்போது சேர்த்து வாங்கட்டும். குவிந்துவிட்ட பாக்கியை ஒரே டொப்-அப்பில் விழுங்காமல், போடும் காசில் பாதியாவது அன்றைய அடுப்புக்கு மிஞ்சட்டும். இனி ஒரு கம்பனி விழுந்தால் அதன் செலவை நாள் கட்டணத்தில் ஏற்றாமல் வேறு வழியில் பங்கிடட்டும். கடை கைமாறும் நாளில் விழும் டீம்ட் விலைக்கு, முதல் மூன்று மாதத்துக்காவது, எண்ணால் எழுதிய ஒரு வரம்பு இருக்கட்டும். ஒக்டோபர் சச்சரவு எந்தக் கிழமை, எத்தனை பவுண்ட், மீட்டரில் எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நீங்கள் குறித்து வைத்தால், பெரிய ஆய்வு நிறுவனங்களிடமும் இல்லாத சாட்சியம் அது. ஒஃப்ஜெம்மின் கருத்துக்கேட்புகளுக்கு மின்னஞ்சலில் எழுதலாம், சங்கங்கள் மூலமாகவும் எழுதலாம், ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பாதகமில்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள், வீட்டு விலாசத்தோடு கடை விலாசத்தையும் எழுதுங்கள்.